ஒன்பதாவது படிக்கும் பையன் பள்ளிக்குப் போக மறுக்கிறான்: கண்டிப்பு கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா?

சுண்ணாம்பாறு | அரியாங்குப்பம்

பையனுக்கு 14 வயது. எட்டாவது வரை கடலூரில் தமிழ் வழியில் படித்தான். எனக்கு வேலை மாறியதால் இந்த ஆண்டு அரியாங்குப்பத்துக்குக் குடிவந்தோம். ஒன்பதாவதில் இங்கே ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் சேர்த்தோம். ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் போனான். அப்புறம் திங்கள்கிழமை காலையானால் வயிற்று வலி. சில வாரம் புதன், வியாழனும் சேர்ந்துகொள்ளும். பத்து மணி ஆனதும் வலி போய்விடும், இட்லி சாப்பிடுவான், டிவி பார்ப்பான். டாக்டரிடம் காட்டி ஸ்கேன் வரை எடுத்தாயிற்று. ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

நான் கண்டிப்பான ஆள். செல்போன் என் கையில், படிப்பு நேரம் என் கணக்கில். என் மனைவி நேரெதிர். நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு அவளே 'காய்ச்சல்' என்று லீவ் லெட்டர் எழுதிவிடுகிறாள். அப்பா (பையனின் தாத்தா) நாலு போட்டால் சரியாகும் என்கிறார். மைத்துனர், நீங்கள் அடக்கி அடக்கித்தான் இப்படி ஆனான் என்கிறார்.

போன வாரம் திட்டியபோது, "நான் எதுக்கும் லாயக்கில்லப்பா, விடுங்க" என்றான். அது காதிலேயே நிற்கிறது. வளர்ப்பில்தான் கோளாறா? யார் சொல்வதைக் கேட்பது?

---

உப்பளம்காரி | புதுச்சேரி

அண்ணா, பத்து மணிக்கு வலி போய் இட்லி இறங்குகிறது என்றால் அது வயிற்று வலியே இல்லை. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் பிளஸ் டூ. தெர்மாமீட்டர் 100-ஐத் தாண்டினால்தான் லீவு. அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். முருங்கையை ஒடித்து வளர்க்கணும், பிள்ளையை அடித்து வளர்க்கணும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? டிவி ஒயரைப் பிடுங்குங்கள், அண்ணியை லெட்டர் எழுத விடாதீர்கள். ஒரே வாரத்தில் எல்லாம் பறந்துவிடும். நாங்கள் எல்லாம் அடி வாங்கி வளர்ந்தவர்கள்தான், கெட்டா போய்விட்டோம்?

---

கரும்பலகை | கடலூர் முதுநகர்

தம்பி சுண்ணாம்பாறு, நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். கடலூர் கடற்கரைப் பக்கத்துப் பள்ளிகளில்தான் பணிக்காலத்தின் பெரும்பகுதி போனது. வருகைப் பதிவேட்டைப் பார்த்தே பல கதைகளைச் சொல்லிவிடலாம் என்பது என் அனுபவம்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். பள்ளிக்கு வராத பையன்களில் ஒரு வகை வீட்டிலிருந்து டிபன் பாக்ஸோடு கிளம்பிவிடும், பள்ளிக்கு வந்து சேராது. சில்வர் பீச்சிலோ பேருந்து நிலையத்திலோ பொழுது போகும். வீட்டுக்குத் தெரியவே தெரியாது. இன்னொரு வகை வீட்டிலேயே, பெற்றவர்களுக்குத் தெரிந்தே இருக்கும். உடம்பு வலிக்கிறது என்று சொல்லும், மத்தியானம் சரியாகிவிடும், ஞாயிறு சாயங்காலமே முகம் மாறத் தொடங்கும். உங்கள் பையன் இரண்டாம் வகை. முதல் வகைக்குச் செய்வதை இவனுக்குச் செய்தால் கெட்டுப்போகும். அந்த வலியை நடிப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். பதற்றம் வந்தால் குடல் இழுத்துப் பிடிக்கும், பெரியவர்களுக்கே நேர்முகத் தேர்வு நாளில் வருகிறதே. பள்ளி நேரம் தாண்டியதும் பதற்றம் இறங்கும், வலியும் இறங்கும். அதனால்தான் இட்லி உள்ளே போகிறது.

இரண்டாவது, வாராத பிள்ளை என்றதும் எல்லோரும் வளர்ப்பின் மேல் பழி போடுகிறார்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை முடிந்து விசைப்படகுகள் இறங்கும்போதுதான் பள்ளியும் திறந்திருக்கும். துறைமுகத்தில் கை தேவைப்படும், பையன்கள் காணாமல் போவார்கள். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகளை வகுப்பில் தேடவே கூடாது. அப்பன் கண்டிப்பானவனா செல்லம் கொடுப்பவனா என்று அந்தப் பதிவேட்டில் தேடினால் கிடைக்காது.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அவனுடைய டைம்டேபிளை எடுங்கள். போகாத நாட்களைப் பக்கத்தில் எழுதுங்கள். திங்கள், புதன், வியாழன் மூன்றிலும் பொதுவாக என்ன பீரியட் இருக்கிறது என்று பாருங்கள். அவனிடம் விசாரணை வேண்டாம், முதலில் தாளைப் பாருங்கள்.

---

வடலூரான் | வடலூர்

ஐயா சொன்னது சரி. கூடவே ஒரு கணக்கு. சி.பி.எஸ்.இ.யில் பொதுத்தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 220 வேலை நாள் என்று வைத்தால் 165 நாள். வாரத்துக்கு ஒரு நாள் மட்டம் போட்டால் தப்பிக்கலாம், இரண்டு நாள் என்றால் விளிம்புக்கும் கீழே. பத்தாவதுக்குப் போகும்வரை இது இழுத்துக்கொண்டே போனால் கையெழுத்துக்காக அலைய வேண்டிவரும். இப்போதே பிடியுங்கள்.

---

உளவியல்_மாணவி | லாஸ்பேட்டை

முதுகலை உளவியல் படிக்கிறேன். தலைப்பில் கேட்ட கேள்விக்கு என் பாடத்திலிருந்து பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

1960-களில் அமெரிக்காவின் பெர்க்லியில் டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் பெற்றோரை மூன்று வகையாகப் பிரித்தார். அன்பும் உண்டு, வரம்பும் உண்டு, வரம்புக்குக் காரணமும் சொல்வோம் என்பவர்கள். சொன்னதைச் செய், ஏன் என்று கேட்காதே என்பவர்கள். அன்பு மட்டும், வரம்பு எதுவும் இல்லை என்பவர்கள். 1983-இல் மெக்கபி, மார்ட்டின் என்ற இருவர் நான்காவதைச் சேர்த்தார்கள்: அன்பும் இல்லை, வரம்பும் இல்லை, பிள்ளை தன்பாட்டுக்கு வளர்கிறது.

பாம்ரிண்ட் முதலில் பார்த்தது நர்சரி வயதுக் குழந்தைகளை. பதின்வயதுக்கு வந்தால் 1991-இல் லாம்போர்ன், ஸ்டைன்பெர்க் முதலானோர் விஸ்கான்சின், கலிபோர்னியா மாநிலங்களில் 14 முதல் 18 வயது வரை சுமார் 4,100 பேரிடம் செய்த ஆய்வு இருக்கிறது. இதில் பெற்றோர் எப்படி என்று பிள்ளைகளே மதிப்பிட்டார்கள். அன்பும் வரம்பும் சேர்ந்த வீட்டுப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் மேலே, இரண்டும் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் கீழே. இது எதிர்பார்த்ததுதான். நடுவில் இருக்கும் இரண்டு வகைதான் இந்த இழைக்கு வேண்டியது. வெறும் கண்டிப்பு வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் ஓரளவு ஒழுங்காக இருந்தார்கள், வம்புக்குப் போகவில்லை, ஆனால் தங்களைப் பற்றிய நினைப்பு தாழ்ந்திருந்தது. வெறும் செல்ல வீட்டுப் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை நன்றாக இருந்தது, ஆனால் படிப்பில் ஒட்டுதல் குறைவு, பள்ளியில் ஒழுங்கின்மை அதிகம்.

அதாவது தன்மதிப்பும் பள்ளி வருகையும் ஒரே கயிற்றில் கட்டியவை இல்லை. தன்மதிப்பு பெரும்பாலும் வீட்டு அன்பின் பக்கம் போகிறது, பள்ளி ஒழுங்கு வரம்பின் பக்கம் போகிறது. சுண்ணாம்பாறு அண்ணன் வீட்டில் அப்பாவிடம் வரம்பு, அம்மாவிடம் அன்பு என்று இரண்டும் இரண்டு ஆளிடம் பிரிந்து கிடக்கிறது. ஒருவர் போடும் வரம்பை இன்னொருவர் லீவ் லெட்டரால் அழிக்கிறார். பையனுக்கு அதில் எது கிடைக்கிறது?

உப்பளம்காரி அக்காவுக்கு: அடி சகஜமான ஊரில் அடியால் பாதிப்பு குறைவுதான் என்று 2005-இல் லான்ஸ்ஃபோர்டும் குழுவும் கண்டார்கள். இந்தியா, சீனா, இத்தாலி, கென்யா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து என ஆறு நாடுகளில் தாய்மாரையும் பிள்ளைகளையும் கேட்டார்கள். ஆனால் குறைவு என்றால் இல்லை என்று ஆகாது. எல்லோரும் அடிக்கும் ஊரிலும் அடி கூடக் கூடப் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் பதற்றமும் கூடித்தான் இருந்தன. இங்கே பையன் ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கிறான்.

---

வடலூரான் | வடலூர்

தங்கச்சி, நன்றாக எழுதினீர்கள். ஆனால் விஸ்கான்சின் பையனை வைத்து வடலூர்ப் பையனை அளக்கலாமா? எங்கள் தெருவில் பாதி வீட்டில் அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ. வீட்டில் வரம்பு போடுவது ஆயா, செலவுக்குக் காசு தருவது சித்தப்பா. வீடியோ காலில் அப்பா கேட்கும் ஒரே கேள்வி, "எவ்வளவு மார்க்?" இதில் யாருடைய வளர்ப்பு முறையை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

---

உளவியல்_மாணவி | லாஸ்பேட்டை

நியாயமான கேள்வி அண்ணா. அங்கேயே அந்தச் சண்டை நடந்திருக்கிறது. ரூத் சாவ் 1994-இல் சீன அமெரிக்கத் தாய்மாரைப் பார்த்து, வெளியில் இருந்து அடக்குமுறை மாதிரித் தெரிவது அவர்களுக்குப் பிள்ளையைப் பழக்குவது, உடன் இருந்து பார்த்துக்கொள்வது என்றார். ஸ்பெயினில் 2009-இல் வந்த ஓர் ஆய்வில் செல்ல வீட்டுப் பிள்ளைகள் மற்ற எவரையும்விடக் குறைந்துபோகவில்லை. ஆக, பெட்டிகள் ஊருக்கு ஊர் கொஞ்சம் நகரும். ஒன்று மட்டும் நான் பார்த்தவரை எந்த ஊரிலும் நகரவில்லை: பிள்ளையின் நடத்தைக்கு வரம்பு போடுவதும் பிள்ளையின் மனசைப் பிடித்து ஆட்டுவதும் வேறு வேறு. பத்து மணிக்குத் தூங்கு என்பது முதல் வகை. "உன்னைப் பெத்ததுக்கு" என்று தொடங்குவது, பேசாமல் இருந்து தண்டிப்பது, வெட்கப்பட வைப்பது இரண்டாம் வகை. பிரையன் பார்பர் 1990-களில் இதைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார். மனச்சோர்வோடு ஒட்டி வருவது இந்த இரண்டாவதுதான்.

---

கடைசி_பெஞ்ச் | வில்லியனூர்

காலேஜ் முதல் வருஷம். பெரியவர்கள் பேசுகிற இடத்தில் ஒரு பையன் பேசலாமா?

எங்கள் அப்பா ஒரு நாளும் அடித்ததில்லை. ரிப்போர்ட் கார்டு வந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு எதுவும் பேசாமல் எழுந்து போவார். இரண்டு நாள், மூன்று நாள் பேச மாட்டார். அம்மா வழியாகத்தான் செய்தி வரும். என் பெரியம்மா பையன் மார்க்கைக் கேட்டுச் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகச் சொல்வார், என் பக்கம் பார்க்காமல். அவரைக் கேட்டால் நான் பிள்ளையைக் கை நீட்டியதே இல்லை என்று பெருமையாகச் சொல்வார். உண்மைதான்.

பத்தாவதில் நான் நிறைய நாள் போகவில்லை. அரியர் பேப்பர் மாதிரி விட்ட பாடம் சேர்ந்துகொண்டே போனது. விட்டதாலேயே போகப் பயம், போகாததாலேயே இன்னும் விடும். அந்தச் சுழலை யாரும் வெளியிலிருந்து பார்க்க முடியாது என்று நினைக்கிறேன்.

---

உப்பளம்காரி | புதுச்சேரி

தம்பி, படிக்கும்போது கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், உன் அப்பா திட்டியிருந்தால் போயிருப்பாயா?

---

கடைசி_பெஞ்ச் | வில்லியனூர்

திட்டியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன் அக்கா.

---

ஃப்ரீஃபயர்_அப்பா | தவளக்குப்பம்

எல்லாத்துக்கும் காரணம் செல்போன். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கேம். செல்லை உடைச்சா எல்லாம் சரியாயிடும்.

---

நெறியாளர்

செல்போன் பற்றித் தனி இழை இருக்கிறது. அங்கே வாருங்கள். இங்கே வந்த பதினைந்து பதிவுகளை அங்கே மாற்றியிருக்கிறேன்.

---

உளவியல்_மாணவி | லாஸ்பேட்டை

ஒரே ஒரு வரி, அப்புறம் நகர்த்திக்கொள்ளுங்கள். செல்போன் இல்லாவிட்டாலும் இந்த வயதில் தூக்கம் வரும் நேரமே பின்னால் தள்ளிப்போகிறது. உடம்பின் கடிகாரம் அப்படி. எட்டு முதல் பத்து மணி நேரம் தூக்கம் தேவை, ஸ்பெஷல் கிளாஸோ காலை ஏழரைக்கு. திங்கள் காலை சுணக்கத்தில் ஒரு பங்கு சனி, ஞாயிறு பதினொரு மணி வரை தூங்குவதாலும் இருக்கலாம்.

---

முந்திரிக்கொட்டை | பண்ருட்டி பக்கம்

நான் ஆய்வெல்லாம் படித்தவள் இல்லை. முந்திரி உடைக்கிற வேலை. வீட்டுக்காரர் இல்லை. மகள் பத்தாவது. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் வரும்போது இருட்டிவிடும். அவள் பள்ளிக்குப் போனாளா இல்லையா என்று எனக்கு எட்டு மணிக்குத் தெரியாது. மேலே தங்கச்சி நான்காவது வகை என்று ஒன்றைச் சொன்னது, அன்பும் இல்லை வரம்பும் இல்லை என்று. எங்களை மாதிரி ஆட்களைத்தான் அதில் போடுவார்களோ என்று படிக்கும்போது சுருக்கென்றது.

என் மகள் மாதத்தில் மூன்று நாள் போக மாட்டாள். காரணம் கேட்க வேண்டியதே இல்லை. பள்ளியில் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் வராது. இதற்கு நான் கண்டித்தால் என்ன, செல்லம் கொடுத்தால் என்ன?

---

கரும்பலகை | கடலூர் முதுநகர்

அம்மா, உங்களை எந்தப் பெட்டியிலும் போட வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் நேரத்தின் அளவை வைத்து அந்த வகை பிரிக்கவில்லை. நீங்கள் மகள் ஏன் போகவில்லை என்று தெரிந்து வைத்திருக்கிறீர்கள். இந்த இழையில் பலருக்கு அது தெரியவில்லை. கழிவறைக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுதிக் கொடுங்கள், அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை உறுப்பினர். தனியாகப் போகாமல் இன்னும் நாலு தாய்மாரோடு போங்கள். 14417 என்பது தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண், அதிலும் பதிவு செய்யலாம்.

---

சுண்ணாம்பாறு | அரியாங்குப்பம்

ஐயா சொன்னபடி டைம்டேபிளைப் பார்த்தேன். திங்கள், புதன், வியாழன் மூன்று நாளும் இரண்டாவது பீரியட் இங்கிலீஷ். மற்ற நாட்களில் மத்தியானம்தான், அதுவும் இலக்கண வகுப்பு. காலை வகுப்பில் வரிசையாக எழுந்து நின்று பாடத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டுமாம். இவன் முறை வந்தபோது ஒரு சொல்லைத் தப்பாக வாசித்திருக்கிறான், வகுப்பே சிரித்திருக்கிறது. அதிலிருந்து அந்தச் சொல்லையே இவனுக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று. இது என் மனைவிக்கு முதலிலேயே தெரியும். அவளிடம் சொல்லியிருக்கிறான். அப்பாவிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். எனக்குத் தெரிந்தால் பள்ளிக்கே வந்து சத்தம் போடுவேன், இல்லையென்றால் 'வாசிக்கத் தெரியாத உனக்கு எதுக்குடா கிரிக்கெட்' என்பேன் என்று அவனே முடிவு செய்துவிட்டான். இத்தனை மாதமாக வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. மனைவி மேல் கோபமாக வருகிறது.

---

உப்பளம்காரி | புதுச்சேரி

அண்ணி மறைத்தது தப்புதான். ஒளித்து வைத்ததால்தானே இத்தனை தூரம் வந்தது? முதல் வாரமே சொல்லியிருந்தால் நீங்கள் டீச்சரைப் பார்த்திருப்பீர்கள்.

---

வடலூரான் | வடலூர்

சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பையனே கணித்து வைத்திருக்கிறானே அக்கா. அந்தக் கணிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டாமா? அண்ணி இல்லையென்றால் அவன் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டான்.

---

உளவியல்_மாணவி | லாஸ்பேட்டை

இதற்கு நேராகப் பொருந்துகிற ஆய்வு ஒன்று உண்டு. ஸ்வீடனில் ஸ்டாட்டினும் கெர்ரும் 14 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் பார்த்து 2000-இல் எழுதினார்கள். அதற்கு முன், பிள்ளை எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று பெற்றோருக்குத் தெரிந்த வீட்டில் பிரச்சினை குறைவு, ஆகவே நன்றாகக் கண்காணியுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்லிவந்தார்கள். இவர்கள் ஒரு படி பின்னே போய், அந்தப் பெற்றோருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார்கள். பெரும்பாலும் கேள்வி கேட்டோ கட்டுப்பாடு வைத்தோ தெரிந்துகொள்ளவில்லை. பிள்ளை தானாகச் சொன்னதால் தெரிந்தது. கண்காணிப்பு என்று அதுவரை அளந்ததில் பெரும்பகுதி பிள்ளை வாய்திறந்து சொன்னதுதான்.

அண்ணா, உங்கள் வீட்டில் செல்போன் பூட்டு இருக்கிறது, நேரக் கணக்கு இருக்கிறது, ஆனாலும் செய்தி உங்களுக்கு வரவில்லை. அண்ணியிடம் எந்தப் பூட்டும் இல்லை, செய்தி அங்கே போனது. கோபப்படுவதற்கு முன், அவன் வீட்டில் ஒருவரிடமாவது சொன்னானே என்பதைப் பாருங்கள். சொல்ல ஆளே இல்லாமல் இருக்கும் பிள்ளைகளும் உண்டு. அங்கேதான் நாங்கள் பயப்படுவோம். திடீரென்று பள்ளி வேண்டாம் என்கிற பிள்ளைக்குப் பின்னால் சில நேரம் பெரிய கொடுமைகூட இருக்கும். அப்படி எதுவும் சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கத் தயங்கக் கூடாது.

---

கரும்பலகை | கடலூர் முதுநகர்

தம்பி, கோபத்தை ஒதுக்கிவிட்டு ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். தமிழ்ப் பத்திரிகையை அவன் தடையில்லாமல் வாசிக்கிறானா? வாசித்தால் இது ஆங்கிலம் பழகாத பிரச்சினை. எட்டு வருடம் தமிழில் படித்தவனை ஒரே வருடத்தில் மாற்றினால் தடுமாறத்தான் செய்வான், ஆறு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தால் சரியாகும். தமிழிலும் எழுத்து இடம் மாறி, வரி தாண்டி வாசிக்கிறான் என்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் முதலான சலுகைகள் உண்டு. ஜிப்மர் மனநலத் துறையில் காட்டலாம், உங்களுக்குப் பக்கம்தானே.

நான் பணியில் இருந்தபோது 'மந்தம்' என்று பெயர் வைத்து ஒதுக்கப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்ப்பதுண்டு. அப்போது பள்ளியில் யாருக்கும் இந்தப் பேச்சே கிடையாது.

---

சுண்ணாம்பாறு | அரியாங்குப்பம்

தமிழ் நன்றாக வாசிக்கிறான் ஐயா. தினத்தாளின் விளையாட்டுப் பக்கத்தை ஒரு மூச்சில் முடிப்பான். ஆகவே ஆங்கிலம்தான்.

அப்படியானால் இப்போது என்ன செய்வது? தன்னம்பிக்கையை ஏற்றினால் போய்விடுவான் என்று மைத்துனர் சொல்கிறார். ஏதோ ஒரு பயிற்சி முகாம், இரண்டு நாள், பணம் கட்டினால் ஆளுமை வளர்ச்சியாம். அனுப்பலாமா?

---

கரும்பலகை | கடலூர் முதுநகர்

பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

---

உளவியல்_மாணவி | லாஸ்பேட்டை

ஐயா சொன்னதற்கு ஆதாரம் தருகிறேன். தன்மதிப்பை ஏற்றினால் படிப்பு தானாக வரும் என்ற நம்பிக்கை அமெரிக்காவில் ஒரு காலத்தில் பெரிய அலையாக இருந்தது. 2003-இல் பாமைஸ்டரும் குழுவும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அலசிப் பார்த்தார்கள். தன்மதிப்பும் மதிப்பெண்ணும் சேர்ந்து போவது உண்மை, ஆனால் பெரும்பாலும் நன்றாகச் செய்ததால் தன்மதிப்பு ஏறுகிறது. முதலில் தன்மதிப்பை ஏற்றியதால் மதிப்பெண் ஏறியதாகத் தெரியவில்லை. அவனுக்கு மேடையில் கைதட்டல் வேண்டாம், இரண்டாவது பீரியடில் ஒரு பத்தியைத் தடுக்காமல் வாசிக்க முடிந்தால் போதும்.

பாராட்டிலும் கவனம் வேண்டும். தங்களைத் தாழ்வாக நினைக்கும் பிள்ளைகளிடம் "அற்புதம், பிரமாதம்" என்று ஊதிப் பெருக்கினால் அவர்கள் அடுத்த முறை கடினமானதைத் தொடவே பயப்படுகிறார்கள் என்று நெதர்லாந்தில் புரூமல்மேன் 2014-இல் காட்டினார். அவ்வளவு பெரிய பாராட்டுக்குத் தகுதியாக அடுத்த தடவையும் செய்ய முடியுமா என்ற பயம். "இந்த வரியை நேற்றைவிடச் சரளமாக வாசித்தாய்" என்றால் போதும்.

இனி நடைமுறை. பள்ளி மறுப்பை ஆராய்ந்த கியர்னி என்பவர் பிள்ளை எதற்காக வீட்டில் இருக்கிறது என்று நாலு காரணம் பார்க்கச் சொல்வார்: பள்ளியில் ஏதோ ஒன்று தரும் பொதுவான சங்கடம், பிறர் முன்னால் சோதிக்கப்படும் பயம், வீட்டில் ஒருவரின் கவனம், வீட்டில் கிடைக்கும் சுகம். உங்கள் பையனுக்கு இரண்டாவது காரணம் பெரிது. ஆனால் டிவி ஓடுவதால் நாலாவதும் மெல்லச் சேர்ந்துவிட்டது. இதில் உப்பளம்காரி அக்கா சொன்னதுதான் சரி. பள்ளி நேரத்தில் வீடு சினிமாக் கொட்டகையாக இருக்கக் கூடாது. வீட்டில் இருந்தால் அதே ஆறு மணிக்கு எழுந்து, குளித்து, புத்தகத்தோடு உட்கார வேண்டும். தண்டனையாக அதைச் செய்ய வேண்டாம், பள்ளி நாள் என்றால் இப்படித்தான் என்று இருக்கட்டும்.

விட்ட நாள் கூடக்கூடத் திரும்புவது கடினம், கடைசி பெஞ்ச் தம்பி சொன்ன அதே சுழல். அதனால் முழு நாள் முடியாவிட்டால் பாதி நாள் போகட்டும். பதற்றம் இறங்காமல் தூக்கமும் கெட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம்.

---

உப்பளம்காரி | புதுச்சேரி

அட, நம்மையும் ஒரு இடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அண்ணா, டிவி ஒயர் பற்றி நான் முதல் நாளே சொன்னேன்.

ஆனாலும் என் கட்சி அப்படியேதான் இருக்கிறது. வீட்டில் ஒருவருக்காவது பயம் வேண்டும். இரண்டு பேரும் தோழன் தோழி ஆகிவிட்டால் பிள்ளை யார் பேச்சைக் கேட்கும்?

---

கடைசி_பெஞ்ச் | வில்லியனூர்

அக்கா, உங்கள் பெண்கள் உங்களிடம் பயந்துகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள் போலிருக்கிறது. இல்லையென்றால் உங்களுக்குக் காய்ச்சல் 100 என்பது எப்படித் தெரியும்? தெர்மாமீட்டரை வாயில் வைக்க வந்து நிற்கிறார்களே, அதுவே பெரிய விஷயம்.

---

உப்பளம்காரி | புதுச்சேரி

பேச்சைப் பார். சின்னவள் வந்து சொல்வாள். பெரியவள் இப்போதெல்லாம் கொஞ்சம் அமுக்கம்தான்.

---

சுண்ணாம்பாறு | அரியாங்குப்பம்

முகாம் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. ஆங்கில டீச்சரைப் போய்ப் பார்த்தோம், நானும் மனைவியும். என்னைப் பேச விடவே கூடாது என்று மனைவி போகும் வழியிலேயே சொல்லிவிட்டாள். டீச்சருக்குப் பட்டப்பெயர் விஷயம் தெரியவில்லை. வரிசையாக வாசிக்க வைப்பதை நிறுத்த முடியாது, ஆனால் எந்தப் பத்தி இவனுக்கு வரும் என்று முந்தின நாளே சொல்லிவிடுகிறேன் என்றார். ராத்திரி அந்தப் பத்தியை அவன் அம்மாவிடம் வாசிக்கிறான். அவளுக்கும் ஆங்கிலம் அவ்வளவாக வராது, இரண்டு பேரும் சேர்ந்து செல்போனில் உச்சரிப்பைக் கேட்டுக்கொள்கிறார்கள். அந்த நேரத்துக்கு மட்டும் செல்போன் என் கையை விட்டுப் போகிறது.

இந்த வாரம் திங்கள் போனான். புதன் போகவில்லை. வியாழன் பாதி நாள்.

ஒரு சந்தேகம். புதன்கிழமைக்கு லீவ் லெட்டர் கொடுக்க வேண்டும். மனைவி வழக்கம்போல் காய்ச்சல் என்று எழுதட்டுமா என்கிறாள். உண்மையை எழுதினால் பள்ளியில் ஏதாவது பிரச்சினை வருமா?

---

கரும்பலகை | கடலூர் முதுநகர்

காய்ச்சல் வேண்டாம். டீச்சருக்கு இப்போது விஷயம் தெரியும், காய்ச்சல் என்று எழுதினால் அவரையும் பொய்யில் கூட்டுச் சேர்ப்பதாகும். "வகுப்பில் வாசிக்கும் பதற்றத்தால் வர இயலவில்லை, தங்களிடம் பேசியபடி பயிற்சி நடக்கிறது, அடுத்த வாரம் முழு நாள் வர முயல்கிறான்" என்று மூன்றே வரி. நீங்கள் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கொடுப்பதற்கு முன் பையனிடம் படித்துக் காட்டுங்கள், எதையாவது மாற்றச் சொன்னால் மாற்றுங்கள். வகுப்பில் சத்தமாகப் படிக்காமல் டீச்சர் கையில் நேராகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

---

வடலூரான் | வடலூர்

கடிதத்தை ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். வருகைக் கணக்கு 75-க்குக் கீழே போனால் காட்ட உதவும்.